செரானில் நகராட்சித் தலைவர் கிடையாது

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்திலிருந்து செரான் என்ற மலையூருக்கு மூன்று வண்டி மாறிப் போனேன். முதலில் சமோராவுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து கராப்பானுக்கு இன்னொன்று, கராப்பானில் 37ஆம் எண் நெடுஞ்சாலை தெற்கே பிரிந்து மலையேற ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வேன். சமோரா பக்கம் சாலையின் ரெண்டு புறமும் ஸ்ட்ராபெர்ரி வயல்கள், வாய்க்கால் நிறையத் தண்ணீர், வெயிலும் சுள்ளென்று அடித்தது. கராப்பானைத் தாண்டி ஏற ஏற பைன் மரங்கள் வந்தன, ஜன்னலை மூட வேண்டிய அளவுக்குக் காற்று குளிர்ந்தது, கடைசியில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் சின்னச் சின்னக் கூம்பு மலைகளுக்கு நடுவே ஊர் தெரிந்தது.

ஊருக்குள் நுழையும் முன் வேன் நின்றது. சீருடையில் ரெண்டு பேர், ஒருத்தர் கையில் துப்பாக்கி. மெக்சிகோவில் வேலை பார்க்க வந்து நாலு வருஷத்தில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும் என்று பழகிவிட்டேன். ஆனால் வேனில் இருந்த யாரும் அசையவில்லை. பின் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா அந்த இளைஞனிடம் அவன் வீட்டு விசேஷம் பற்றி ஏதோ கேட்டார், அவன் சிரித்தபடி பதில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்றான். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, யார் வீட்டுக்கு என்று கேட்டான். வீட்டையும் பேட்டையையும் சொன்னேன். போகலாம் என்று கை காட்டினான். அவர்கள் போலீஸ் இல்லை. 'ரோந்தா கொமுனித்தாரியா' என்று பெயர், நம் காதுக்கு ரோந்து என்றே விழுகிறது, வேலையும் அதுதான். அந்த ஊர்க்காரர்களே, ஊரே பேர் சொல்லித் தேர்ந்தெடுத்து அனுப்புகிற காவல்.

கூட வேலை பார்க்கும் நண்பனின் பாட்டி வீடு அங்கே இருக்கிறது. "வா, வந்து பாரு" என்று ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போய் வந்ததிலிருந்து இதை எழுதவேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டே இருந்தது, ஏனென்றால் ஒரு ஊரின் நிர்வாகம் எப்படி அமைகிறது என்பதை அந்த ஊரின் மண்ணைப் பார்த்தே புரிந்துகொள்ள முடிகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செரான் இருப்பது மிச்சோவாகான் மாநிலத்தில், புரெபெச்சா என்ற பூர்வகுடி மக்களின் பேரால் புரெபெச்சா மேட்டுநிலம் என்று சொல்லப்படும் பகுதியில். வடக்கே சில்ச்சோட்டா, வடகிழக்கே சகாப்பு, கிழக்கிலும் தெற்கிலும் நவாட்சென், மேற்கே கித்தார் செய்கிற பராச்சோ. பரப்பு சுமார் 220 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை ஏறத்தாழ 20 ஆயிரம், அதில் பெரும்பங்கு ஒரே ஊரில். சுற்றிலும் பார்க்கிற குன்றுகள் அத்தனையும் எரிமலை வாய்கள். மிச்சோவாகானிலும் பக்கத்து குவானஹுவாத்தோவிலும் சேர்த்து இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூம்புகள் இருக்கின்றன. 1943 பிப்ரவரியில் ஒரு விவசாயியின் மக்காச்சோளக் காட்டில் தரை வெடித்துப் பிறந்ததே பரிகுத்தின் எரிமலை, அது இதே மேட்டுநிலத்தில், அங்கிருந்து தென்மேற்கே ரொம்ப தூரமில்லாத இடத்தில்தான்.

சரி, எரிமலை மண் என்றால் செழிப்பு என்று நினைப்போம். செழிப்புதான், ஆனால் தண்ணீர் நிற்காது. நான் தங்கியிருந்த வீட்டு நானா (புரெபெச்சா மொழியில் வயதான பெண்களை நானா என்றும் ஆண்களைத் தாத்தா என்றும் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், அந்தத் தாத்தாவைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்த்துவிட்டது, ரெண்டு மொழிக்கும் எந்த உறவும் இல்லை, புரெபெச்சா உலகில் எந்த மொழியோடும் சொந்தம் நிறுவப்படாத தனி மொழி) காலையில் பாத்திரம் கழுவிய தண்ணீரை முற்றத்தில் கொட்டினார். கறுப்பாக, தூள் தூளாக இருந்த மண். தண்ணீர் ஓடவில்லை, தேங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரத் தழும்பு மட்டும் மிச்சம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. "இங்கே எல்லாம் இப்படித்தான் தம்பி, மழை கொட்டும், ஆனா ஆறு கிடையாது" என்றார்.

உண்மையிலேயே அந்த மேட்டுநிலத்தில் ஆறு கிடையாது. விழுகிற மழை முழுவதும் நுண்துளைப் பாறைக்குள் இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது? மேட்டின் விளிம்பில் போய் ஊற்றாக வெளியே வருகிறது. வரும் வழியில் நான் மாறி ஏறின கராப்பான், அங்கேதான் துவேரோ ஆறு ஊற்றாகப் பிறக்கிறது, அதுதான் சமோரா பள்ளத்தாக்கில் ஸ்ட்ராபெர்ரிக்குப் பாய்கிற தண்ணீர். தெற்கே உருவாப்பான் நகரத்தின் நடுவில் குபாதித்சியோ ஆறு பாறை இடுக்கிலிருந்து பொங்குகிறது, அங்கே ஒரு தேசியப் பூங்காவே வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஆறுகள் பிறக்கின்றன, நடுவில் உட்கார்ந்து மழையை வாங்கி உள்ளே அனுப்புகிற மேட்டில் ஒரு ஆறுகூட இல்லை. மேட்டில் குடியிருப்பவர்களுக்கு மலைக்காட்டின் அடியில் கசிகிற சில ஊற்றுகள்தான் கதி. காடு இருந்தால் அந்த ஊற்று இருக்கும். காடு போனால் மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும், ஊற்று வற்றும். அங்கே இதை ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லும்.

இப்போது நிர்வாகத்துக்கு வருகிறேன். மெக்சிகோவில் 'முனிசிபியோ' என்பதை நகராட்சி என்று மொழிபெயர்த்தால் தப்பான படம் வந்துவிடும். அது நகரம் மட்டும் இல்லை. தலைமை ஊர், சுற்றியிருக்கும் சிற்றூர்கள், வயல், காடு, மலை எல்லாம் சேர்ந்த ஒரு நிலப்பரப்பு, கிட்டத்தட்ட ஒரு சின்னத் தாலுகா மாதிரி. நாடு முழுக்க 2,400க்கும் மேல் இருக்கின்றன. வஹாக்கா என்ற ஒரே மாநிலத்தில் 570, மிச்சோவாகானில் 113. அரசியலமைப்பின் 115ஆம் பிரிவு இதைத்தான் ஆட்சியின் அடிப்படை அலகு என்று சொல்கிறது. குடிநீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, சந்தை, சுடுகாடு, ஆடுமாடு அறுக்கும் கூடம், பூங்கா, உள்ளூர்ப் போலீஸ் இத்தனையும் அதன் பொறுப்பு. நடத்துவது ஒரு தலைவர், சட்ட விஷயங்களையும் கணக்கையும் பார்க்கும் ஒரு சிந்திக்கோ, அப்புறம் ரெஹிதோர்கள் எனப்படும் உறுப்பினர்கள். இவர்கள் எல்லாரும் ஒரே பட்டியலாக, பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்சியின் பேரில், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேர்தலில் நின்று வருகிறார்கள்.

தனியாக இன்னொரு அதிகாரமும் உண்டு, வெளியிலிருந்து வருபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பூர்வகுடி ஊர்களில் நிலமும் காடும் பெரும்பாலும் தனிப்பட்ட யாருக்கும் சொந்தமில்லை, சமூகத்துக்குப் பொது. அந்தப் பொதுநிலத்துக்கென்று விவசாயச் சட்டப்படி ஒரு தனிக் குழு, 'பியெனெஸ் கொமுனாலெஸ்' என்று பெயர். ஆக, ஊரை நடத்துபவர் ஒருவர், காட்டைப் பார்ப்பவர் இன்னொருவர். ஊரை நடத்துபவர் கட்சிக்காரர், காட்டைப் பார்ப்பவரையும் கட்சிகள் இழுத்துக்கொள்ளும். அந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகத்தான் 2008ஐ ஒட்டிய வருஷங்களில் மரம் வெட்டுகிறவர்கள் உள்ளே வந்தார்கள்.

மரம் திருடுவது முன்னாலும் உண்டு. ஆனால் அப்போது வந்தது ஆயுதம் தாங்கிய கும்பல்களின் பாதுகாப்போடு. பட்டப்பகலில் லாரி லாரியாக, ஊரின் தெருக்கள் வழியாகவே கட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். தட்டிக்கேட்டவர்கள் கடத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள், சிலர் காணாமலே போனார்கள். வெட்டிய இடத்தில் தீயும் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காடு போய்விட்டது. போலீஸிடம் சொன்னால் சொன்ன செய்தி கும்பலுக்குப் போகும் என்று ஜனங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நானா இதைச் சொல்லும்போது கையில் வேலை எதுவும் இல்லாமலே ரெண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார்.

"மரத்துக்கு அழுதோம், பொறுத்துக்கிட்டோம். ஆனா கொஃப்ரதியா ஊற்றுப் பக்கம் வெட்ட வந்துட்டாங்க. அந்தத் தண்ணியத்தானே மாடு குடிக்குது, நாம குடிக்கிறோம்."

2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை, விடிகிற நேரம். கால்வாரியோ தேவாலயத்துப் பக்கம் வரும் லாரிகளைப் பெண்கள் மறித்தார்கள். கையில் கல்லும் கட்டையும், வாணவெடியும். கோயில் மணியை விடாமல் அடித்தார்கள், சத்தம் கேட்டு ஊர் முழுக்கத் தெருவுக்கு வந்தது. மரவெட்டிகள் சிலரைப் பிடித்து வைத்தார்கள், லாரிகளுக்குத் தீ வைத்தார்கள். ஆண்களில் பலர் முதலில் வேண்டாம் என்று பயந்தார்களாம், இதைச் சொல்லும்போது மட்டும் நானாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அன்று நகராட்சி நிர்வாகமும் போலீஸும் ஊரைவிட்டுப் போனார்கள். கும்பல் திரும்பி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஊரின் நுழைவாயில்களை அடைத்தார்கள். அன்றிரவு தெரு முனைக்கு ஒரு தீ மூட்டி அதைச் சுற்றி விழித்திருந்தார்கள்.

இந்தத் தெருமுனைத் தீயைத்தான் 'ஃபொகாத்தா' என்கிறார்கள். செரானின் ஆட்சி முறை முழுவதும் இதிலிருந்து பிறந்தது, அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். புரெபெச்சா வீட்டில் சமையலறை தனிக் கட்டடமாக இருக்கும். நடுவில் மூன்று கல் வைத்த அடுப்பு, 'பராங்குவா' என்று பெயர். அதைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள், பிள்ளைக்குப் பெண் பார்ப்பதைப் பேசுவார்கள், சண்டையைத் தீர்ப்பார்கள். நான் போன அன்று ராத்திரி நானா அந்த அடுப்பில் கொருந்தா அவித்தார். மக்காச்சோள மாவை அந்தச் செடியின் நீளமான பச்சை இலையில் மடித்து மடித்து, பல மூலைகள் வருகிற மாதிரி பொட்டலமாகக் கட்டி அவிப்பது. உரித்தால் இலையின் நரம்புக் கோடு அப்படியே மாவில் பதிந்திருக்கும். அதோடு சுரிப்போ என்கிற சிவப்பு மிளகாய்க் குழம்பு, உள்ளே மாட்டுக்கறியும் முட்டைக்கோஸும். புகை கண்ணில் ஏற, எல்லாரும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். 2011 ஏப்ரலில் அவர்கள் செய்தது இந்த அடுப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்ததுதான். ஒரு முனைக்கு ஒரு தீ என்று ஊரில் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவாக எரிந்ததாம். பள்ளிக்கூடம் மூடியிருந்தது, கடை மூடியிருந்தது, வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து தெருவிலேயே சமைத்துத் தெருவிலேயே சாப்பிட்டார்கள். பல வருஷமாக வெவ்வேறு கட்சி என்பதால் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே பானையில் சாப்பிட வேண்டி வந்தது. ராத்திரி முழுக்கப் பேச வேண்டியிருந்தது. பேசியதில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று: கட்சிகள் நம்மைப் பிரித்தன, அந்தப் பிரிவில்தான் காடு போனது, இனிமேல் கட்சி வேண்டாம்.

அந்த வருஷம் நவம்பரில் மாநிலத் தேர்தல் வர இருந்தது. கட்சி இல்லாமல் எங்கள் வழக்கப்படி ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று மாநிலத் தேர்தல் அமைப்பிடம் கேட்டார்கள். அப்படி அனுமதிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று செப்டம்பரில் பதில் வந்தது. வழக்கு கூட்டரசின் தேர்தல் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2011 நவம்பர் 2ஆம் தேதி தீர்ப்பு வந்தது: அரசியலமைப்பின் 2ஆம் பிரிவு பூர்வகுடி மக்களுக்குத் தங்கள் வழக்கப்படி ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது, மாநிலம் அதற்கென்று சட்டம் போடவில்லை என்பதைக் காரணம் காட்டி அந்த உரிமையை மறுக்க முடியாது. நவம்பர் 2 மெக்சிகோவில் இறந்தவர்களின் நாள், எல்லாரும் கல்லறையில் பூவும் மெழுகுவத்தியுமாக இருக்கிற நாள். டிசம்பரில் ஊரைக் கேட்டார்கள், வேண்டாம் என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2012 பிப்ரவரியில் முதல் சபை பொறுப்பேற்றது. பிறகு தங்களைக் கலந்துகொள்ளாமல் மாநில அரசியலமைப்பைத் திருத்தியதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கும் போய் 2014இல் வென்றார்கள்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஊரில் நாலு பேட்டைகள்: ஹருகுத்தினி, கெத்சிகுவா, கராக்குவா, பரிகுத்தினி. எரிமலையின் பெயர் மாதிரியே இருக்கிறதே என்று கடைசிப் பேரைக் கேட்டு நினைத்தேன், அந்தப் பக்கத்தில் எல்லாப் பேரும் ஒரே மொழியிலிருந்து வந்தவைதானே. இந்தப் பேட்டைகள் 2011க்கு ரொம்ப முன்பிருந்தே இருப்பவை, திருவிழாச் செலவைப் பங்குபோடுவதற்கும் ஊர்வேலைக்கும் எப்போதும் பேட்டைக் கணக்குதான். ஆக, புதிதாக வார்டு பிரிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஃபொகாத்தாவும் தன் முனையில் நம்பிக்கையான ஆளை முன்மொழியும். தானாக வந்து நான் நிற்கிறேன் என்று சொல்லக்கூடாது, பிரச்சாரம் கிடையாது, போஸ்டர் கிடையாது. பேட்டைக் கூட்டத்தில் முன்மொழியப்பட்டவர்கள் எல்லாருக்கும் முன்னால் நிற்பார்கள், யாரை வேண்டுமோ அவர் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். நீளமான வரிசை வென்றது. பேட்டைக்கு மூன்று பேர், மொத்தம் 12. அவர்களுக்குக் 'கெரி' என்று பெயர். கெரி என்றால் பெரிய என்று பொருள், நாம் ஊர்ப் பெரியவர் என்கிறோமே அதேதான். 12 பேரும் சமம், தலைவர் என்று ஒருவர் கிடையாது. மூன்று வருஷம் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும்.

"உங்க பின்னாடி யாரும் நிக்கலைன்னா எப்படி இருக்கும்?" என்று அந்த வீட்டில் ஒரு பெரியவரைக் கேட்டேன், அவர் ஒருமுறை முன்மொழியப்பட்டவர். "ரெண்டு பேர் நின்னாங்க, என் தம்பியும் மச்சானும்" என்றார். "அதுல ஒண்ணும் இல்ல. யார் வரிசையில யார் நின்னாங்கன்னு ஊருக்கே தெரியும். நாளைக்கு அவர் தப்பு பண்ணா, நீதானே அவர் பின்னாடி நின்னே, போய்க் கேளுன்னு சொல்லுவாங்க." ரகசிய வாக்குதான் சுதந்திரம் என்று படித்து வளர்ந்தவன் நான். அதை விட்டுக்கொடுக்க இன்னும் மனம் வரவில்லை, ஒரு சின்ன ஊரில் வெளிப்படையாக நிற்கும்போது பெரிய குடும்பத்தின் கண் தன்மேல் இருக்கிறது என்று யாரோ ஒருவர் தயங்கியிருக்கத்தான் செய்வார். ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன கணக்கும் எனக்குப் புரிந்தது.

12 பேருக்குக் கீழே தனித்தனிச் சபைகள். உள்ளூர் நிர்வாகத்துக்கு ஒன்று, நீதிக்கும் வழக்குத் தீர்ப்பதற்கும் ஒன்று, சமூகத் திட்டங்களுக்கு ஒன்று, பேட்டைகளை ஒருங்கிணைக்க ஒன்று, பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பிறகு சேர்த்தவை, அப்புறம் முக்கியமாகப் பொதுநிலத்துக்கு ஒன்று. மேலே சொன்னேனே, ஊருக்கு ஒருவர், காட்டுக்கு ஒருவர் என்று ரெண்டாக இருந்தது. அதை இங்கே ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். காட்டைப் பார்க்கும் சபை ஊர் ஆட்சியின் ஒரு அங்கம், அதே பேட்டைக் கூட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கும்பல் உள்ளே வந்த அந்தச் சந்து வழியை அடைத்தது துப்பாக்கி ரோந்து மட்டுமில்லை, இந்த இணைப்பும்தான் என்பது என் எண்ணம். செரானைப் பற்றிப் பேசுகிறவர்கள் துப்பாக்கியையும் பெண்களின் எழுச்சியையும் சொல்வார்கள், இந்த ஏற்பாட்டைச் சொல்ல மாட்டார்கள், படம் எடுக்க ஒன்றுமில்லை என்பதால் இருக்கலாம்.

காட்டைப் பார்க்கிற வேலை எப்படி நடக்கிறது என்று மறுநாள் நாற்றங்காலுக்குக் கூட்டிப்போனார்கள். ஊருக்கே சொந்தமான நாற்றங்கால். கறுப்பு நெகிழிக் குழாய்களில் சுண்டுவிரல் உயரத்துக்குப் பைன் கன்றுகள், வரிசை வரிசையாக, மேலே நிழல்வலை. கன்றின் நுனியில் ஊசியிலைகள் இன்னும் விரியாமல் ஒரு சின்னத் தூரிகை மாதிரி இருந்தன. விதையை அங்கேயே அந்த மலைகளில் இருக்கும் மரங்களிலிருந்துதான் எடுக்கிறார்கள், வேறிடத்து விதை அந்தக் குளிருக்குத் தாங்காதாம். வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கன்று வளர்க்கிறார்கள், மழைக்காலம் தொடங்கியதும் ஊரே மலைக்குப் போய் நடும். சமூகத்துக்குச் சொந்தமான மர அறுவைக் கூடம் ஒன்றும் இருக்கிறது, விழுந்த மரமும் நோய் விழுந்த மரமும் அங்கே போகின்றன. பைன் மரத்தில் பால் இறக்குவதும் உண்டு, மரப்பட்டையில் கீறிவிட்டுக் கீழே ஒரு கிண்ணம் செருகியிருந்தது, உள்ளே தேன் நிறத்தில் கெட்டியாகப் பிசின்.

அவக்காடோ நடக்கூடாது என்பதும் ஊர் முடிவு. மிச்சோவாகான் முழுக்க, குறிப்பாக உருவாப்பானைச் சுற்றி, பைன் காட்டை அழித்துத்தான் அவக்காடோ வந்தது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி, கையில் நல்ல பணம். அந்தப் பணத்தைப் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு உறுதி வேண்டும்.

தண்ணீருக்கு அவர்கள் செய்தது இன்னொன்று. குகுந்திகாத்தா என்கிற கூம்பு மலையின் உச்சியில் எரிமலை வாயாக இருந்த பள்ளத்தில் தடித்த விரிப்பைப் போட்டு மழைநீரைத் தேக்கியிருக்கிறார்கள், சுமார் 2 கோடி லிட்டர் பிடிக்கும். மண் தண்ணீரை நிற்கவிடாது, சரி, மண்ணுக்கு மேல் விரிப்பைப் போட்டுவிட்டார்கள். ஏறி நின்று பார்த்தால் ஒரு பெரிய கிண்ணத்தில் வானம் கிடக்கிற மாதிரி இருக்கிறது. சுற்று முழுக்கப் புதிதாக நட்ட பைன், என் இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை வெவ்வேறு வயதில்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வேறெங்கும் வருகிற அதே இடத்திலிருந்துதான். தனி நாடு ஆகிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படி இல்லை. சட்டத்தின் கண்ணில் செரான் இன்னும் மிச்சோவாகானின் 113 முனிசிபியோக்களில் ஒன்று. கூட்டரசும் மாநிலமும் பங்கிட்டுக் கொடுக்கும் நிதி, அடிப்படைக் கட்டுமானத்துக்கென்று ஒதுக்கும் நிதி எல்லாம் மற்ற முனிசிபியோக்களைப் போலவே இவர்களுக்கும் வருகிறது, அதே தணிக்கையும் உண்டு. சின்ன முனிசிபியோக்களுக்குச் சொந்த வரி வருமானம் சொற்பம் என்பதால் இந்தப் பணம் இல்லாமல் எதுவும் ஓடாது. எங்கே செலவழிப்பது என்பதில்தான் பேட்டைக் கூட்டங்களின் பேச்சு செல்லும்.

இந்த வழியில் மற்றவர்களும் வந்தார்கள். ஒரு முனிசிபியோவின் தலைமை ஊரில் இல்லாமல், அதற்குள் ஒரு கிராமமாக இருக்கும் பூர்வகுடி ஊர்கள் என்ன செய்வது? தலைமை ஊர்க்காரர்கள் பணத்தைத் தங்கள் ஊருக்கே செலவழித்துவிடுகிறார்கள் என்ற குறை அந்தப் பகுதி முழுக்கப் பழையது. திங்கம்பாத்தோ முனிசிபியோவுக்குள் இருக்கும் பிச்சாத்தரோ என்ற ஊர் வழக்குப் போட்டு, ஜனத்தொகைக் கணக்கில் தன் பங்கு நிதியை நேரடியாகக் கையாளும் உரிமையை 2016இல் வாங்கியது. பிறகு 2021இல் மிச்சோவாகான் தன் முனிசிபல் சட்டத்திலேயே அதற்கு வழி வைத்துவிட்டது.

செரானுக்குள்ளேயே இந்தக் கேள்வி இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். சாந்தா க்ரூஸ் தனாக்கோ என்று மேற்கில் ஒரு ஊர், செரான் முனிசிபியோவுக்கு உட்பட்டது, அதுவும் புரெபெச்சா ஊர்தான். தலைமை ஊரின் நாலு பேட்டைக் கணக்கில் அதற்கு இடமில்லை. 2011இல் அவர்கள் செரானின் பாதையில் வரவில்லை, பிறகு தங்கள் பங்கு நிதியைத் தாங்களே கையாளும் உரிமையைத் தனியாகப் பெற்றார்கள். செரானை நேசிக்கிறவர்கள் இதை விழுங்கிவிட்டுக் கதை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தன் பெயரில் முனிசிபியோவை வைத்திருக்கும் ஊர், சுற்றியிருக்கும் ஊரை எப்படி நடத்துகிறது என்பது மற்ற எந்தத் தலைமை ஊருக்கும் உள்ள அதே சோதனைதான். அப்புறம் பெண்கள். லாரியை மறித்தது அவர்கள், முதல் சபையின் 12 இடத்தில் அவர்கள் மிகக் குறைவு. பிறகு வந்த சபைகளில் கூடியிருக்கிறது. நானாவிடம் கேட்டபோது, "அடுப்பை யார் பார்த்துக்கிறதுன்னு வீட்டுல முடிவாகணும் முதல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொருந்தாவை இன்னொன்று என் தட்டில் வைத்தார்.

ஊரைச் சுற்றி நடந்தபோது என் கண்ணில் திரும்பத் திரும்பப் பட்டது சுவர்கள். மெக்சிகோவில் எந்த ஊருக்குப் போனாலும் சாலையோரச் சுவர்களில் கட்சி நிறமும் வேட்பாளர் பேரும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும், தேர்தல் முடிந்து வருஷமானாலும் அழியாது. செரானில் அந்த மாதிரி ஒரு சுவரைக்கூட நான் பார்க்கவில்லை. ஓவியங்கள் இருந்தன: முக்காடு போட்ட பெண்கள், எரிகிற தீ, பைன் மரம், கொல்லப்பட்டவர்களின் முகங்கள். நாலு நிறக் கொடி ஒன்று பல இடங்களில் பறந்தது. சகாப்புச் சதுப்புநிலத்துக்கு ஊதா, பதினோரு ஊர்ப் பள்ளத்தாக்குக்கு மஞ்சள், ஏரிப் பகுதிக்கு நீலம், மலைக்குப் பச்சை என்று புரெபெச்சா நாட்டின் நாலு நிலங்கள். நம் திணைகளை நினைத்துக்கொண்டேன். ஒரு தெருமுனையில் தரையில் கறுத்த வட்டம் இருந்தது, ஃபொகாத்தா எரிந்த இடம். ஒவ்வொரு ஏப்ரல் 15க்கும் மறுபடி மூட்டுவார்களாம். அந்த வட்டத்தின் மேல் ரெண்டு பையன்கள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் கிளம்பினேன். நுழைவாயிலில் அன்று வேறு ஆட்கள். ஒரு சின்ன டிரக்கில் விறகு ஏற்றிக்கொண்டு வந்த ஒருவரை நிறுத்தி, அவர் நீட்டிய சீட்டை வாங்கிப் படித்து, கட்டைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரக்காரர் இறங்கி நின்று தானும் கூடவே எண்ணினார். எங்கள் வேனை விட்டுவிட்டார்கள்.

கராப்பானில் சமோரா பேருந்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ஊற்று எங்கே என்று விசாரித்து நடந்தேன். மரங்களுக்கு அடியில் தண்ணீர் சத்தமே இல்லாமல் வெளியே வந்துகொண்டிருந்தது, அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற அளவுக்குத் தெளிவு. கையை விட்டேன், முழங்கை வரை குளிர் ஏறியது. ஒரு அம்மா பிளாஸ்டிக் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். மேலே மலைக்குப் போய்விட்டு வருகிறேன், செரானுக்கு என்றேன். "அங்கே மழை பெய்யுதா?" என்று கேட்டார். நேற்று ராத்திரி நல்ல மழை என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.